கல்லை நேரில் படியுங்கள்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் மேற்படிப்புக்காக விமானம் ஏறப்போகிறீர்கள். கல்விக்கடன், விசா, தங்குமிடம், குளிருக்கு உடுப்பு ஆகியவற்றைப் பற்றி எடுத்துச்சொல்ல உங்களுக்கு ஆளுண்டு. நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். போன ஊரில் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி, அங்குள்ள பழைய இடம் ஒன்றை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். படமெடுப்பதோடு நிற்காமல், அங்கே எழுதியிருப்பதை நின்று படியுங்கள்.

லண்டனில் படிப்பவர் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு போய்விடலாம். கல்லூரிக் கோபுரங்களை எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்களும் பாருங்கள். பிறகு வால்டன் தெருப் பக்கம் நடந்து, செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்தைக் கேட்டுப் போங்கள். ஜி.யு.போப் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1839இல் தமிழகம் வந்து சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி என்று பல ஊர்களில் பணி செய்தார். இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்துக்கொண்டே, 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார்.

அவருடைய கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறித்திருப்பதாக நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்த செய்தி, பிறந்த நாள், இறந்த நாள் ஆகியவை இருக்கின்றன. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் இது என்றும் இருக்கிறது. கதையை விட இந்த உண்மைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடல் கடந்து கிடக்கும் ஒருவருக்கு நம்மவர்கள் நன்றி மறவாமல் கல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையைக் கைவிட்டு, இல்லாத வரிக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டி வந்திருக்கிறோம். ஒரு நாள் போய் நின்று படித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அதே தோட்டத்தில் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட்டும் இருக்கிறார். இந்த வயதில் திருவாசகம் போன்ற பெரிய வேலையை எடுத்து முடிக்க முடியுமா என்று போப் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் அதை முடிக்கும்வரை வாழ்வான் என்று தைரியம் சொன்னவர் அவர். போப் தம் நூலின் முன்னுரையில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். எண்பதாவது பிறந்தநாளில் அந்த முன்னுரையை முடித்தபோது ஜோவெட் உயிரோடு இல்லை. இருவரின் கல்லறைகளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொரு கல் இருக்கிறது, அது நம் பக்கத்து ஊருக்கு உறவுள்ளது. இந்த டோம்பிவிலியிலிருந்து தாகுர்லி தாண்டினால் வரும் கல்யாணில் வளர்ந்த பெண் ஆனந்திபாய் ஜோஷி. 1883இல் கல்கத்தாவில் கப்பலேறி, பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1886 மார்ச்சில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 21 வயது நிறையவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. அமெரிக்காவில் தாயைப் போல ஆதரித்த தியோடீஷியா கார்பென்டர் அம்மையாருக்கு ஆனந்திபாயின் சாம்பல் அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அந்தக் குடும்பத்துக்குரிய இடத்திலேயே அவருக்கும் ஒரு கல் நிற்கிறது. நியூயார்க் நகரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். போகிறவர்கள் ஒரு பூங்கொத்து வாங்கிப் போங்கள். அங்கே நிற்கும்போது, உங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து போன பெண் எப்படி அந்தக் குளிரைத் தாங்கினாள் என்பது புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாகத் தெரியும்.

இப்படிப் பார்க்கக் கண் பழக வேண்டும். அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று இருந்துவிட்டு, இடம் போதாமல் டோம்பிவிலிக்குக் குடிவந்த குடும்பங்கள் நம்முடையவை. தினமும் கர்ஜத் லோக்கலில் அம்பர்நாத்தைக் கடந்து போகிறவர்கள் நமக்குள் நிறையப் பேர். அந்த ஊரின் சிவன் கோயில் வாசலில் சக ஆண்டு 982, அதாவது 1060 என்று சொல்லும் கல்வெட்டு கிடைத்தது. சிலாஹார மன்னன் மும்முனியின் காலம். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சையில் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். இங்கே கருவறைக்குப் படியிறங்கிப் போக வேண்டும். ஏன் இப்படி என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தால் போதும், அந்தக் கேள்வியோடு நீங்கள் எந்த நாட்டிலும் இறங்கலாம்.

கடன் வாங்கிப் படிக்கப் போகும் பிள்ளை ஊர் சுற்றலாமா என்று பெற்றோராகிய நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். நான் கேட்பது ஒரு நாளும் ஒரு ரயில் டிக்கெட்டும் மட்டுமே. பார்த்ததை அன்றிரவே தமிழில் நான்கு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பட்டம் பெற்ற உங்கள் அனைவருக்கும் என் நல்வாழ்த்துகள். விசா கைக்கு வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு அம்பர்நாத் போய் வாருங்கள்.