ஒரே அப்பம், ஒரே பந்தி

கிறிஸ்தவ ஆலயங்களில் வழிபாட்டின்போது சிறு அப்பத் துண்டும் திராட்சை இரசமும் வழங்கப்படுவதைப் பலர் பார்த்திருப்பர். கத்தோலிக்கர் இதை நற்கருணை என்பர். மற்றச் சபையினர் திருவிருந்து என்றும் இராப்போஜனம் என்றும் அழைப்பர்.

இதன் தொடக்கம் யூதர்களின் பாஸ்கா விழாக் காலம். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழா அது. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவில் இயேசு தம் சீடர்களோடு உணவருந்தினார். அப்பத்தைப் பிட்டு அதைத் தம் உடல் என்றார். கிண்ணத்து இரசத்தைத் தம் இரத்தம் என்றார். தம் நினைவாக இதைச் செய்யும்படி பணித்தார்.

அந்தச் சொற்களின் பொருள் என்ன? அப்பமும் இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. சீர்திருத்தத் தலைவர்களிடையேகூட இதில் ஒருமித்த கருத்து இல்லை. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் மார்ட்டின் லூதரும் சுவிங்லியும் கூடிப் பேசினர். 14 கூறுகளில் உடன்பட்டனர். 15ஆவது கூறு திருவிருந்து பற்றியது. கிறிஸ்து அப்பத்தில் மெய்யாக இருக்கிறாரா என்ற கேள்வியில் பிரிந்தனர்.

ஆனால் அப்பத்தைப் பற்றிய இந்த விவாதத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பந்தியைப் பற்றிய கேள்வி எழுந்துவிட்டது. கி.பி. 50களில் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு மடல் எழுதினார். அங்கே வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருந்தனர். ஏழைகள் பசியோடு இருந்தனர். அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார். ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் பலராயினும் ஒரே உடல் என்பது அவர் போதனை.

தமிழகத் திருச்சபையும் இந்தச் சோதனையைச் சந்தித்தது. சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்து, உயர்ந்தவர் எனப்பட்டோர் முதலில் திருவிருந்து பெறும் வழக்கம் இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே அடியோடு கைவிடும்படி ஆணையிட்டார். பலர் சபையைவிட்டே விலகினர். ஒரே கிண்ணத்தில் அருந்துவது அவ்வளவு கடினமாக இருந்தது.

உண்ணுமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்தறிய வேண்டும் என்றார் பவுல். தமக்கு அருகில் நிற்பவரைத் தம் உடலின் ஓர் உறுப்பாக ஏற்க முடிகிறதா என்பதும் அந்தச் சோதனையில் அடங்கும். அதற்கு விடை காணாமல் பெறும் அப்பம் பசியையும் தீர்க்காது, பகையையும் தீர்க்காது.