ஏரிக்கு வழி விட்டுக் கட்டுவோம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நம் சிற்றூர்களில் கட்டடங்கள் பெருகி வருகின்றன. வீடு, பள்ளி, கல்யாண மண்டபம், அரிசி ஆலை, கிடங்கு எனப் பலவும் எழும்புகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. குடிசை இருந்த இடத்தில் காரை வீடு எழுவதை வேண்டாம் என்பார் யார்? ஆயினும், அனுமதி அளிக்கும் முன்னர் நாம் கேட்டாக வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. கட்டடம் எழும் நிலம் எத்தகையது? அதில் விழும் மழைநீர் இதுவரை எவ்வழியே சென்றது? இனி எவ்வழியே செல்லும்? இவற்றைக் கேளாது விட்டால் வரும் கேடு யாது என்பதை முதலில் பார்ப்போம்.

ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். 20 ஏக்கரில் 80 இலட்சம் லிட்டர். நிலம் புஞ்சையாக இருந்தவரை அதில் ஒரு பகுதியை மண் குடித்தது. மிஞ்சியது வரத்துக் கால் வழியே ஏரியை அடைந்தது. அந்த நிலத்தை மேடாக்கிச் சாலையும் தளமும் போட்டு, வரத்துக் காலையும் தூர்த்துவிட்டால் என்ன நேரும்? மழைக் காலத்தில் தண்ணீர் பக்கத்துத் தெருவில் புகும். தை பிறந்ததும் ஏரி வறண்டு கிடக்கும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. முதலில் வாடுவது கடைமடை உழவனின் பயிர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறந்திலோம். அடையாறு கரைபுரண்டது, தாழ்ந்த நிலங்களில் எழுந்த குடியிருப்புகளில் தண்ணீர் பல நாள் நின்றது. கட்டடங்களாலும் குப்பையாலும் சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல்தான் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. நகரம் இழந்தபின் உணர்ந்ததைச் சிற்றூர் இழக்குமுன் உணர வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ 2,15,000 சதுர அடியை எட்டுமானால், வேலை தொடங்கும் முன்னரே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் விதி. மாநில அளவிலுள்ள மதிப்பீட்டு ஆணையம் இவ்வனுமதியை அளிக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு நீர் எங்குச் செல்லும், மழைநீர் எங்குத் தங்கும் என்பனவெல்லாம் விண்ணப்பத்தில் விடை காண வேண்டியவை. பள்ளி, கல்லூரி, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கு 2025 சனவரியில் அளிக்கப்பட்ட விலக்கை அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

இங்கே உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெரிய சுரங்கம் போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் உண்டு. கட்டடத் திட்டங்களுக்கோ பொதுவாக அத்தகைய கூட்டம் இல்லை. ‘அதிகாரிகள் வந்து கேட்பார்கள், அப்பொழுது சொல்லுவோம்’ என்று நாம் காத்திருந்தால் கேட்பார் எவரும் வாரார். ஆகவே, நிலத்தில் முதல் கல் விழுமுன் கிராம சபையில் விவாதித்துத் தீர்மானம் இயற்றி, உரிய அலுவலகங்களுக்கு எழுத்து மூலம் அனுப்புதல் வேண்டும்.

அனுமதி வழங்கப்பட்ட பின்னரும் நம் கடமை முடிவதில்லை. அவ்வனுமதி ஆணையின் நகலை உரிமையாளர் ஊராட்சிக்கு அளிக்க வேண்டும். ஊராட்சி அதனை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆணையால் பாதிக்கப்படுவோர் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. ஆணையை அலமாரியில் பூட்டி வைக்கும் ஊராட்சி, தன் மக்களின் உரிமையையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

சிறு கட்டடங்களுக்கு இத்துணை நடைமுறை இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்பது 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். கூரை நீரைக் குழாய் வழியே தெருவில் விடாமல், மணலும் சரளையும் இட்ட குழியில் விட்டால் கிணற்றில் ஊற்றுக் குறையாது.

‘ஏரி வறண்டு பல்லாண்டாயிற்று, அங்கே கட்டினால் என்ன?’ என்று கேட்பவர் உளர். உத்தரப் பிரதேசத்தில் குளத்து நிலத்தை வீட்டு மனையாகக் கொடுத்த வழக்கில், அது குளமாகவே காக்கப்பட வேண்டும் என 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பஞ்சாபில் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள், நிலத்தின் விலையைக் கட்டி அதனைத் தமதாக்கிக்கொள்ள முயன்றனர். அதற்கும் 2011-இல் அந்நீதிமன்றம் இடந்தரவில்லை. வறண்ட ஏரியும் ஏரியே.

ஆகவே நாம் செய்யத்தக்கவை இவை. விண்ணப்பம் வந்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் ஒப்பிட்டு, அப்புல எண்ணில் வாய்க்காலோ நீர்நிலைப் புறம்போக்கோ உள்ளதா எனக் காண்போம். அடுத்து, நிலத்தை நேரில் பார்ப்போம். மழை நாளில் பார்ப்பது மேலும் நன்று. ஆயக்கட்டு உழவரில் மூத்தோர் இருவரை உடன் அழைத்துச் செல்வோம். வரைபடத்தில் மங்கிப்போன கால்வாயும் அவர்கள் நினைவில் தெளிவாக இருக்கும்.

விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் நம் உறவினர். இல்லையேல் நமக்கு வாக்களித்தவர். ‘ஆகாது’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுதல் எளிதன்று. ஆனால் ‘கட்டாதே’ என்பதன்று நம் பேச்சு. ‘பத்தடி தள்ளிக் கட்டு, வாய்க்காலுக்குப் பாலம் போடு, தளத்தை உயர்த்தும்போது பக்கத்து வயலின் வடிகாலை அடைக்காதே’ என்பதே. விதி வளர்ச்சிக்குத் தடையன்று, மதகைப் போன்றது. மதகு தண்ணீரைத் தடுப்பதற்காக மட்டும் அமைந்ததன்று. வேண்டிய அளவில், வேண்டிய இடத்துக்கு விடுவதற்காகவும் அமைந்தது.

முன்னோர் குடிமராமத்துச் செய்து காத்த ஏரிகளால்தான் நாம் இன்று உண்கிறோம். அடுத்த கிராம சபையில், நம் ஊரின் வரத்துக் கால்கள் ஒவ்வொன்றின் பெயரையும் புல எண்ணையும் படித்துப் பதிவு செய்வோமாக. பெயர் ஏட்டில் ஏறிய வாய்க்காலை எவரும் எளிதில் தூர்க்க இயலாது.