லாரித் தொழிலும் கணக்கறிவும்



திருப்பூரில் பின்னலாடைப் பொதிகளைத் தோளில் சுமந்த நம் இளைஞர்கள் லாரி உரிமையாளராகவும் விழைகின்றனர். அதற்கு உழைப்பு மட்டும் போதாது, கணக்கறிவும் வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கிறக்கிய லாரி வெறுமையாய்த் திரும்பின், டீசற்செலவே ஆதாயத்தை விழுங்கிவிடும். ‘ரிட்டன் லோடு’ எங்குள்ளதென முன்னரே காட்டவும், டீசல், டயர், சுங்கக் கட்டணம், ஓட்டுநர் படி போக நடை ஒன்றுக்கு எஞ்சுவதைக் கணக்கிடவும் இன்று கணினி மென்பொருள்கள் உள்ளன. 2018 ஏப்ரல் 1 முதல் வெளிமாநிலச் சரக்கிற்கு நடைமுறையிலுள்ள இ-வே பில், 2021 முதல் பொதுவாக 200 கிலோமீட்டருக்கு ஒரு நாளே செல்லும்; கெடு தப்பினால் தண்டம். அதனையும் மென்பொருள் நினைவூட்டும்.

ஒழுங்கான கணக்கே வங்கியில் நமக்குச் சான்று. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் அளிக்கின்றது. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் இப்பயிற்சியையும் மேற்கொள்ளட்டும்! பாரம் சுமந்தோர் தொழிலை நடத்துவோராகட்டும்!