படைவீட்டு மலையும் திருமலைக் கல்லும்

(ஆரணியில் தமிழன்பர் முன் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

ஆரணி என்றால் உலகத்தார் பட்டு என்பர். வரலாற்று நூலாரோ கிளைவு என்பர். 1751ஆம் ஆண்டில் இராபர்ட்டு கிளைவு ஆரணியருகே வென்ற போரை ஆங்கிலேயர் மறவாது எழுதி வைத்தனர். அதனை நம் பிள்ளைகளும் மறவாது படித்தனர். ஆனால் இதே ஆரணிக்கு மேற்கே, ஒரு பகற்பொழுதிற் சென்று மீளும் தொலைவில், ஒரு தமிழரசின் தலைநகர் இடிந்து கிடக்கின்றது. அதனை அறிந்தோர் எத்துணைப் பேர்? அந்நகரின் பெயர் படைவீடு. இன்று படவேடு!

வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் சந்தவாசலில் மேற்கே திரும்பினால் வாழைத் தோட்டங்களினூடே வழி செல்லும். கமண்டல நாகாற்றின் கரையும், சவ்வாது மலைத்தொடரின் அடிவாரமும் கூடுமிடத்தில் ஊர் அமைந்துள்ளது. இரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடித் திங்களில் வெள்ளமெனத் திரளும் மக்களை யாவரும் அறிவர். ஓக நிலையில் அமர்ந்த இராமன் கோயிலும், நெடுங்காலம் மண்மூடிக் கிடந்து மீட்கப்பெற்ற அம்மையப்பர் கோயிலும் அங்கு உள்ளன. அவற்றிற்கெல்லாம் மேலாக, இராசகம்பீரன் மலை எனப்பெறும் கோட்டைமலை நிமிர்ந்து நிற்கின்றது. மலைமேற் குழலூதும் கண்ணனுக்கு ஒரு கோயில். தொழச் செல்வோர் தொழுது திரும்புகின்றனர். வழியிற் சிதைந்து கிடக்கும் மதிற்கல் யாருடைய கல் என்று கேட்பார் அரியர்.

அது சம்புவராயர் கல். செங்கேணிக் குடியினராகிய சம்புவராயர் முதலிற் சோழர்க்கு அடங்கிய குறுநில மன்னராய்த் தொண்டை நாட்டில் வாழ்ந்தனர். 13ஆம் நூற்றாண்டிற் சோழப் பேரரசு சாய்ந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திற் பாண்டியர் ஆட்சியும் தளர்ந்தது. வடக்கேயிருந்து படைமேற் படை வந்து நாடு கலங்கிய அந்நாளில், படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு தனியரசு நடத்தியவர் அவர். ஒருவன் வென்றுமண்கொண்ட சம்புவராயன். அவனுக்குப் பின் ஆண்டவன் இராசநாராயணச் சம்புவராயன். முன்னவன் பெயரில் தமிழ் முழங்குகின்றது. பின்னவன் பெயரில் வடமொழி குடியேறிவிட்டது. நம் மன்னர் என்பதனால் அக்குறையை மறைத்தல் ஆகாது.

1360களின் தொடக்கத்தில் விசயநகரப் பேரரசன் புக்கனின் மகன் குமாரகம்பணன் படையெடுத்து வந்தான். படைவீட்டு அரசு வீழ்ந்தது. இதனை விரித்துரைக்கும் நூல் எது தெரியுமா? கம்பணனின் மனைவி கங்காதேவி வடமொழியில் யாத்த மதுராவிசயம்! 1916ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் அச்சுவடி கண்டெடுக்கப்பெற்றது. சம்புவராயன் இராசகம்பீரக் கோட்டையிற் புகுந்ததும், கம்பணன் கையில் மடிந்ததும் அந்நூலில் உள்ளன. வென்றவனின் மனைவி தன் கணவன் புகழைப் பாடினாள், அதிற் பிழையில்லை. தோற்றவன் நாட்டார் தம் வரலாற்றை அவள் வாயிலாக மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கின்றனரே, அதுதான் பிழை!

அப்படியாயின், தோற்றவர் பக்கம் பேசுவதற்குச் சான்றே இல்லையா? இருக்கின்றது. அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆரணியிலிருந்து போளூர் செல்லும் வழியில் வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள திருமலைக்குச் சென்றாற் போதும்.

திருமலையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் நேமிநாதர் திருவுருவம் பாறையிற் செதுக்கப்பெற்று நிற்கின்றது. அண்ணாந்து நோக்குவார் கழுத்து வலிக்கும் உயரம்! குகைக்கோயிலின் ஓவியங்கள் மங்கியும் மாயாமலும் இருக்கின்றன. சோழர்குலச் செல்வி குந்தவையின் பெயரால் அமைந்த அருகன் கோயிலைக் கல்வெட்டுக் குந்தவை சினாலயம் என்று குறிக்கின்றது. சிவனைத் தொழும் குடியிற் பிறந்த ஒருத்தியின் பெயரை அருகன் கோயில் தாங்கி நிற்கின்றதே, இதுவன்றோ தமிழர் நெஞ்சப் பரப்பு!

அம்மலைப் பாறைகள் வெறும் பாறைகள் அல்ல. திறந்து வைத்த ஏடுகள். இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர முனிவர் அங்கே ஏரிக்கு ஒரு கலிங்கு அமைத்தார் என்கின்றது ஒரு கல்வெட்டு. துறவியானவர் ஊரார் வயலுக்கு நீர் நிறுத்திய செய்தி அது. இராசேந்திரனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் பெயர்பெற்ற மெய்க்கீர்த்தி இன்னொரு பாறையில் உள்ளது. கங்கையளவும் கடல் கடந்தும் சென்ற அவன் படைச்செலவைச் சொல்லிவிட்டு, அதே கல், ஒரு வணிகன் மனைவி அருகன் கோயிலுக்கு விளக்கெரிக்கக் கொடுத்த கொடையையும் சொல்கின்றது. மன்னனுக்கும் மங்கைக்கும் ஒரே கல்லில் இடம்!

மற்றொரு கல்வெட்டோ தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாளுடையது. சேரர் குடி எழினி முன்னாளில் நிறுவிய இயக்கன், இயக்கி திருவுருவங்களை அவன் புதுக்கி வைத்தான். அதன் வடமொழிப் பகுதி இம்மலையை அர்கசுகிரி என்கின்றது. தமிழ்ப் பகுதியோ எண்குணவிறைவன் திருமலை என்கின்றது. திருவள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தில் ஆண்ட எண்குணத்தான் என்னும் சொல்லோடு இதனை இணைத்துப் பாருங்கள். இரண்டு மொழியும் அருகருகே நின்ற கல்லில், வாயில் இனிப்பது எது? நெஞ்சில் நிற்பது எது?

இனி, இப்பொழிவின் உயிரான செய்திக்கு வருவோம். இராசநாராயணச் சம்புவராயனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் இத்திருமலையில் இருக்கின்றது. பொன்னூரைச் சேர்ந்த மண்ணை பொன்னாண்டை என்பவரின் மகள் நல்லாத்தாள் இங்கே ஓர் அருகனை எழுந்தருளுவித்தாள். அவ்விறைவனுக்கு வழங்கிய பெயர் பொன்னெயில்நாதர். ஈற்றில் நிற்கும் நாதர் வடசொல்லே. ஆயினும் அதனைத் தாங்கி முன்னிற்பது பொன்னெயில் என்னும் தமிழ்! எயில் என்றால் மதில், கோட்டை. எண்ணிப் பாருங்கள்: கோட்டையை ஆண்டவன் பெயர் இராசநாராயணன். அவன் ஆட்சியில் வாழ்ந்த குடிமகள் பெயர் நல்லாத்தாள். அரசன் கைவிட்ட தமிழை ஆத்தாள் கைவிடவில்லை. கம்பணன் படை வந்தபோது கல்லெயில் இடிந்தது. பொன்னெயில் இன்றும் எழுத்தாய் நிற்கின்றது.

இக்கல்வெட்டுகளைப் படித்து அச்சேற்றியவர் செருமானிய அறிஞர் ஊல்சு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890ஆம் ஆண்டு வெளிவந்தது. கடல் கடந்து வந்தவன் நம் கல்லைப் படித்தான். மலையடியிற் பிறந்தவன் படித்தானா? படிக்கவில்லை என்பது மட்டுமன்று. பழங்கற்களின்மேல் ஆணியால் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறுகின்றான்! திருப்பணி என்று சொல்லி எழுத்தின்மேற் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுகின்றான்! படையெடுத்து வந்த பகைவனும் செய்யாத அழிவன்றோ இது?

கற்களுக்கு நேர்ந்ததே காட்டிற்கும் நேர்ந்தது. சவ்வாது மலையிற் கரடியும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் மயிலும் வாழ்கின்றன. சந்தனத்திற்குப் பெயர்பெற்ற அக்காடு வெட்டுண்டு மெலிந்தது. வழிதவறி இப்பக்கத்து ஊர்ப்புறங்களில் அலைந்த 6 யானைகள் 2013ஆம் ஆண்டிற் பிடிக்கப்பெற்று அகற்றப்பட்டன. யானைக்கு ஊரின்மேற் பகையில்லை. காடு குறைந்தது, கால் ஊருக்குள் வந்தது.

இந்நிலத்தின் காட்டையும் விலங்கையும் நம் முன்னோர் எப்படி அறிந்திருந்தனர் என்பதற்குப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் சான்று. செங்கண்மாத்து நன்னனைப் பாடிய 583 அடிகள்! சேயாறும் நவிர மலையும் அதில் வருகின்றன. செங்கண்மா இன்றைய செங்கம். நவிரம் இன்றைய பருவத மலை என்பர். பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு, பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் பாறை எங்கே என்று ஒவ்வொன்றாகப் புலவர் எச்சரிக்கின்றார். அவற்றுள் ஓர் அறிவுரை கல்நெஞ்சையும் உருக்கும். வழி பிரியும் இடத்தில், பின்னே வருவோர் மயங்காதிருக்கப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கின்றார்.

தோழர்களே, திருமலைக் கல்வெட்டுகள் முன்னோர் நமக்காக முடிந்து வைத்த புல்முடிச்சுகள். தறியிலமரும் நெசவாளரைக் கேளுங்கள். இழை அறுந்தால் அதனை முடிந்த பின்னரே நாடாவை எறிவார். நாம் அறுந்த இழையோடு நெய்துகொண்டிருக்கின்றோம்.

ஆதலால் கோட்டை காணச் செல்வோர் மூன்று செய்க. ஒன்று: படைவீடு என்று எழுதுக, படைவீடு என்று சொல்லுக. ஆறுபடைவீடு என்று நாளும் ஓதும் நாவுக்கு இது கடினமன்று. இரண்டு: பிள்ளைகளை உடனழைத்துச் சென்று, கல்லைத் தொட்டுக் கெடுக்காமல், ஓர் எழுத்தையேனும் கூட்டிப் படிக்கக் கற்பிக்க. கல்லெழுத்தைச் சுண்ணாம்பு தீண்டக் கண்டால் தொல்லியல் துறைக்கு அன்றே எழுதுக. மூன்று: மலையில் நெருப்பிடாமலும் குப்பை எறியாமலும் இறங்கி வருக, அம்மலை கரடிக்கும் மயிலுக்கும் வீடு.

கோட்டையை மீட்க இன்று வாள் வேண்டா. எழுத்தை மீட்கக் கண் வேண்டும். நல்லாத்தாள் காத்த தமிழை அவள் பேரன்மாரும் பேர்த்திமாரும் காக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!