வீட்டு விதியும் புறனடையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் சீட்டாட்டத்தைப் பற்றிய பேச்சா என்னும் ஐயம் அவையில் எழுதல் இயல்பே. சூதினைக் கடிந்து ஓர் அதிகாரமே பாடியவர் வள்ளுவர். எனினும் அவரே கல்லாமை அதிகாரத்தின் தொடக்கத்தில், நூலறிவு நிரம்பாமல் அவையேறிப் பேசுவோனுக்கு, கட்டம் வரையாமல் வட்டாடுவோனை உவமை காட்டினார். பொருளைப் பறிக்கும் சூது வேறு, கட்டம் வகுத்து ஆடும் ஆட்டம் வேறு என்பது அவர்தம் கருத்தெனக் கொள்ளலாம். அக்கட்டத்தை வகுப்பவர் யார்? குடும்பத்தார் கூடியாடும் இரவில் ஒவ்வொரு வீடும் தானே அதனை வகுத்துக்கொள்கிறது. அவ்வீட்டு விதிகளே இவ்வுரையின் பொருள்.

பெரம்பலூரும் அரியலூரும் பிரிந்து, கூடி, மீண்டும் பிரிந்த நிலப்பகுதிகள். 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் திரும்ப இணைந்தது. 2007இல் மறுபடியும் தனித்தது. எல்லைக்கோடு எத்தனை முறை மாறினும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நிற்கவில்லை. சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண், முந்திரி விளையும் ஆண்டிமடத்துப் பக்கம் வாழ்க்கைப்படும்போது, பிறந்த வீட்டின் ஆட்ட முறையும் அவளுடன் செல்கிறது. பொங்கல் விடுமுறையில் ‘கழுதை’ ஆட்டம் தொடங்கும்போதுதான் அது வெளிப்படும்.

கேட்ட இனத்தில் சீட்டு இல்லாதவர் வேறினச் சீட்டால் வெட்டுவார். அச்சுற்றில் பெரிய சீட்டை இட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டுத் தீராமல் எஞ்சி நிற்பவர் கழுதை. இவ்வளவும் பொது. அடுத்திருப்பவரின் சீட்டுகள் முழுவதையும் தாமே வாங்கிக்கொண்டு அவரை ஆட்டத்திலிருந்து விடுவிக்கலாம் என்பது ஒரு வீட்டின் விதி. மற்றொரு வீட்டில் அதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம். “எங்கள் வீட்டில் இப்படித்தான் அத்தை” என்பாள் மருமகள். “இங்கே அப்படி இல்லையம்மா” என்பார் மாமியார். நல்ல குடும்பங்கள் இவ்வழக்கைத் தீர்க்கும் வழி எளியது: முதல் ஆட்டம் மாமியார் முறை, அடுத்த ஆட்டம் மருமகள் முறை. அன்றிரவு முதல் அவள் அவ்வீட்டில் விதிக்கு உட்பட்டவள் மட்டும் அல்லள். விதி வகுப்போருள் ஒருத்தியும் ஆகிறாள்.

இலக்கணம் கற்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் விதிகளை வகுத்தபின், அவற்றுள் அடங்காதவற்றை வழக்கு நோக்கி அமைத்துக்கொள்ளுமாறு புறனடை வைத்தார். வியப்பு யாதெனின், ஆட்டக் கருவியின் பெயருக்கே அவர் இத்தகைய நெகிழ்ச்சி காட்டியிருப்பதாகும். சூதாடு கருவியைக் குறிக்கும் ‘வல்’ என்னும் சொல், நாய், பலகை என்னும் சொற்களோடு புணரும்போது உகரம் பெறுதலேயன்றி அகரம் பெறுதலும் உரித்து என்கிறது எழுத்ததிகாரம். நாய் என்பது ஈண்டு ஆட்டக்காய். வல்லுப்பலகை எனினும் வல்லப்பலகை எனினும் அமையும். பலகையின் பெயரிலேயே இருவேறு வழக்கிற்கு இடமிருக்கையில், அப்பலகைமேல் ஆடும் முறையில் இராதோ?

வீட்டு விதி பெரும்பாலும் யாரேனும் ஒருவருக்கு இடந்தருவதற்கே பிறக்கிறது. ஆட்டம் புரியாத குழந்தையை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வது அவற்றுள் பழமையானது. கையில் சீட்டு உண்டு. தோல்வி கணக்கில் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடுவோர்க்குச் சப்பாணி ஒரு பருவம். பொருள் வேறாயினும் ஆட்டத்திலும் அது கடந்து செல்லும் பருவமே. ஓராண்டு கழிந்ததும் அக்குழந்தை தன்னையும் கணக்கில் சேர்க்குமாறு வழக்காடும். கண் மங்கிய பாட்டிக்காக, இடும் சீட்டின் பெயரை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது மற்றொரு விதி. ‘ஆட்டின் ராஜா’, ‘கிளாவர் எட்டு’ என்று காதால் கேட்டு நினைவில் நிறுத்தும் பாட்டியே இறுதியில் வெல்வதும் உண்டு. கழுதையானவர் ஒரு விடுகதை போட்டு, அதனை எவரும் விடுவிக்க இயலாவிடின் பட்டம் நீங்கும் என வைத்துக்கொண்டால், தோற்றவர் பக்கமே அவையின் கண் திரும்பும்.

தோற்றவரை வெளியேற்றாமை தமிழர் ஆட்டங்களின் பழைய பண்பு. பல்லாங்குழியில் காய் இழந்தவர், நிரப்ப இயலாத குழிகளை ஒதுக்கிவிட்டு இருப்பதைக் கொண்டு தொடர்கிறார். ஒரு குழிக்குரிய காயும் இல்லாதபோது குழிக்கொன்றாக இட்டு ஆடுவதற்குக் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்றே பெயர். வறியவர்க்கும் பலகையில் இடமுண்டு என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

பொதுவிதி எனப்படுவதும் வானிலிருந்து வந்ததன்று. நால்வர் இருவர் இருவராக இணைந்தாடும் 304 ஆட்டத்தில், ஓர் இனத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனங்களுக்கும் 304. ஏவலனுக்கு 30, அரசனுக்கு 3 என்னும் இம்மதிப்பீட்டை எங்கோ எவரோ வகுத்தனர். பலர் ஒப்பியதால் அது நிலைத்தது. 1971இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து முடிதிருத்துநர் மெர்ல் ராபின்ஸ் என்பார்க்கும் அவர் மகனுக்கும் ‘கிரேசி எயிட்ஸ்’ என்னும் சீட்டாட்டத்தின் விதி பற்றி வாதம் எழுந்தது. அவ்வாதத்தின் விளைவாக அவர் அமைத்த ஆட்டமே, இன்று பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குக் கொண்டுவரும் ‘ஊனோ’. உலகெங்கும் விற்கும் ஆட்டம் ஒரு வீட்டின் வழக்கில் பிறந்தது.

ஆயினும் வீட்டு விதி என்ற பெயரால் எதுவும் செல்லும் என்பதன்று. அதற்கு மூன்று வரம்புகள் உண்டு. முதலாவது, சீட்டைப் பங்கிடுமுன் விதி சொல்லப்பட வேண்டும். கைச்சீட்டைக் கண்டபின் நினைவுக்கு வரும் விதி விதியன்று, தந்திரம். இரண்டாவது, வகுத்தவரையும் அது கட்டுப்படுத்த வேண்டும். தாத்தா தோற்கும்போது மட்டும் மாறும் விதியால் பேரப்பிள்ளைகள் கற்பது அச்சமேயன்றி ஆட்டம் அன்று. மூன்றாவது, பணம் புகலாகாது. பணையத்திற்குப் புளியங்கொட்டை போதும். முந்திரி விளையும் ஊரில் முந்திரிக்கொட்டை போதும். வெண்பாவின் ஈற்றில் காசு வரலாம். குடும்ப ஆட்டத்தின் ஈற்றில் வரலாகாது.

இம்மூன்றாம் வரம்பு மீறப்பட்டதன் கேட்டினைத் தமிழகம் அண்மையில் கண்டது. கைப்பேசியில் தனித்திருந்து பணம் வைத்தாடிக் கடன்பட்டு உயிர்மாய்த்தோர் பற்றிய செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. 2022இல் தமிழகச் சட்டமன்றமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இத்தகைய இணையவழி ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. அவ்வாட்டத்தில் விதி நிறுவனத்துடையது, புறனடை இல்லை, எதிரில் முகமும் இல்லை. “போதும், படுக்கப் போ” என்று சொல்ல ஒரு பாட்டியும் இல்லை. சட்டம் தீயதைத் தடுக்கும். பாய் விரித்து நால்வரை அமர்த்துதல் வீட்டாரின் கடன்.

வீட்டு விதிகள் எழுதப்பட்டவை அல்ல. அறிந்தவர் மறையும்போது உடன் மறைபவை. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலில் ஒரே விளையாட்டின் முறைகளை நாடுவாரியாகப் பிரித்துக் காட்டினார். அப்பணி வீடுவாரியாகச் செய்யப்பட வேண்டும். பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கேட்டும் திருத்தியும் வந்த இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும், தத்தம் வீட்டின் ஆட்ட விதிகளை, அவற்றை வகுத்தவர் இன்ன உறவினர், வகுத்த காரணம் இன்னது என்னும் குறிப்புடன் ஒரு தாளில் எழுதிவைத்தல் நன்று. பெரம்பலூர்த் தாள்களையும் அரியலூர்த் தாள்களையும் ஒருசேர வைத்து நோக்கின், எந்த வீடு யாருக்கு இடங்கொடுத்தது என்பதன் வரலாறு அவற்றில் கிடைக்கும்.