சொல்லைத் திருத்தாத செவி

(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுக் காலம் இந்த அவையில் எத்தனையோ கவிதைகள் அரங்கேறியிருக்கின்றன. பாடுவோர் நிறைந்த அவையில் கேட்போரைப் பற்றிப் பேச விழைகிறேன். ஒரு நகரத்தின் வானொலியில் அமர்ந்து, அந்நகரத்து மக்களைப் பேசவிட்டு, 45 ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றியது இவ்வுரை.

அவர் பெயர் ஸ்டட்ஸ் டெர்க்கல். 1912இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் சிகாகோவுக்குக் குடிவந்தவர். அங்கே அவர் குடும்பம் தங்கும் விடுதி நடத்தியது. வேலை தேடி வந்தவர்களும் வேலை இழந்தவர்களும் அவ்விடுதிக் கூடத்தில் அமர்ந்து வாதிடுவதைக் கேட்டே தாம் வளர்ந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1934இல் சட்டப் பட்டம் பெற்றார், ஆனால் வழக்கறிஞராகவில்லை. வானொலி நாடக நடிகராகவும், இசைத்தட்டு நிகழ்ச்சி நடத்துபவராகவும், தொலைக்காட்சிக் கலைஞராகவும் விளங்கினார். நிறவேற்றுமையை எதிர்க்கும் விண்ணப்பங்களில் கையெழுத்திட்டதற்காக அவர்மீது ஐயம் எழுந்தது. தொலைக்காட்சி வாய்ப்பு பறிபோனது. 1952இல் டபிள்யூ.எஃப்.எம்.டி. என்னும் உள்ளூர் வானொலி நிலையம் அவருக்கு இடமளித்தது. 1997 வரை அங்கேயே பணியாற்றினார். 2008இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய நிகழ்ச்சிக்குப் புகழ்பெற்ற எழுத்தாளர்களும் இசைவாணர்களும் வந்தனர். மார்ட்டின் லூதர் கிங்கும் அவரோடு உரையாடியிருக்கிறார். 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் நடைபெற்ற மாபெரும் உரிமைப் பேரணிக்குச் சிகாகோவிலிருந்து தொடர்வண்டி புறப்பட்டபோது, டெர்க்கல் ஒலிப்பதிவுக் கருவியோடு அதில் ஏறினார். பேரணித் தலைவர்களின் மேடைப் பேச்சை உலகமே கேட்டது. அவரோ, அந்த மேடையை நோக்கிப் பயணம் செய்த எளிய மனிதர்களின் பேச்சைப் பதிவு செய்தார்.

1967இல் 'டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா' என்னும் நூல் வெளிவந்தது. சிகாகோவாசிகள் சுமார் எழுபது பேருடைய வாய்மொழி அதில் இருக்கிறது. 1974இல் வந்த 'வொர்க்கிங்' என்னும் நூல், தாங்கள் செய்யும் வேலையைப் பற்றியும், அவ்வேலை தங்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் மக்களே பேசுவது. நூலாக்கும்போது அவர் தம் கேள்விகளைப் பெரும்பாலும் நீக்குவார், பேச்சைச் சுருக்குவார், முன்பின்னாக மாற்றி அடுக்குவார். ஆகவே அந்நூல்களில் அவருடைய கையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பேசியவரின் சொல்லை எடுத்துவிட்டுத் தம் சொல்லை அங்கே வைப்பதை அவர் தவிர்த்தார்.

அவர் பலமுறை சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைத்தாய் ஒருவரிடம் பேசிப் பதிவு செய்தார். சுற்றி நின்ற குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று அடம்பிடிக்கவே, நாடாவை ஓடவிட்டார். தம் குரலை முதன்முறையாகக் கேட்ட அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, தமக்குள் இப்படி ஓர் எண்ணம் இருந்ததை இதுவரை தாமே அறியவில்லை என்றாராம். அந்த வியப்பு அவருக்குக் கிட்டியதற்குக் காரணம், நாடாவிலிருந்து வந்தது அவருடைய சொந்தச் சொல் என்பதே.

இதைப் படித்தபோது நான் தலைகுனிந்தேன். அதற்கான காரணத்தை இந்த அவையில் சொல்லத்தான் வேண்டும்.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக மதுரையில் பூக்கட்டும் பெண்கள் சிலருடைய பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தேன். அவர்களில் ஒரு மூதாட்டி, மாலையில் விற்காமல் தங்கிவிட்ட பூவைப் பற்றி, "பூ நின்னு போச்சு" என்றார். சற்று நேரம் கழித்துத் தம் மகளைப் பற்றிப் பேசுகையில், "கல்யாணம் நின்னு போச்சு" என்றார். ஆய்வேட்டில் நான் முதலாவதை 'மலர்கள் விற்பனையாகாமல் எஞ்சின' என்றும், இரண்டாவதைத் 'திருமணம் தடைப்பட்டது' என்றும் திருத்தி எழுதினேன். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கூடையில் நின்ற பூவையும் வீட்டில் நின்ற மகளையும் அந்தத் தாய் ஒரே சொல்லால் கட்டியிருந்தார். அந்த நாரை நான் அறுத்துவிட்டேன். அதைக் கண்டுகொள்ள எனக்கு ஆண்டுகள் பல ஆயின. மீண்டும் கேட்கலாம் என்றால் நாடா இல்லை. கருத்தரங்கு ஒன்றைப் பதிவு செய்ய அதே நாடாவைப் பயன்படுத்திவிட்டேன்.

தொல்காப்பியப் பாயிரம் நூலுக்கு முதலாக வழக்கு, செய்யுள் என்னும் இரண்டைச் சொல்லும்போது வழக்கையே முன்னே வைக்கிறது. இதை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். வழக்கு என்பது வாழ்கிறவர்களின் வாயில் இருப்பது. அதைக் கேளாமல் எழுதும் கவிதை, ஏற்கெனவே எழுதப்பட்ட கவிதைகளிலிருந்தே சொல்லைக் கடன் வாங்க நேர்கிறது.

டெர்க்கலும் நாடாக்களை இழந்தவர்தாம். கருவிகளோடு அவருக்கு என்றுமே இணக்கமில்லை. தவறான பொத்தானை அழுத்திச் சில அரிய உரையாடல்களை அழித்துவிட்டதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருடைய நகரம் எஞ்சியவற்றைக் காத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்திடம் சேர்ந்தன. காங்கிரஸ் நூலகத்தின் துணையோடு மின்னணு வடிவம் பெற்றன. 2018 முதல் பொதுமக்கள் கேட்கும்படி இணையத்தில் வெளியிடப்பெற்று வருகின்றன. அதே நகரத்தின் பொது வானொலியான டபிள்யூ.பி.இ.இசட். 2012இல் இன்னொரு வழி கண்டது. நகரத்தைப் பற்றிய கேள்விகளை நேயர்களே அனுப்ப, விடை தேடும் பணியில் செய்தியாளர்கள் அவர்களையும் சேர்த்துக்கொண்டனர். பேசும் உரிமையோடு கேள்வி கேட்கும் உரிமையும் மக்களைச் சேர்ந்தது.

நம்மிடமும் இதற்கான வாய்ப்பு இல்லாமலில்லை. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984இல் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பெற்றது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்று ஒலிப்பதிவு செய்யத் தனிக் கருவிகூட வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அந்த வசதி இருக்கிறது. உட்கார்ந்து கேட்பதற்கு ஆள்தான் வேண்டும்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் கவியரங்கமாக இல்லாமல் செவியரங்கமாக நடத்துவோம். நம் ஊரில் பூக்கட்டுபவர், சுமை தூக்குபவர், துப்புரவுப் பணியாளர், பேருந்து நடத்துநர் என ஒருவரை அழைத்து, அவர் இசைவோடு, அவர் பேச்சைப் பதிவு செய்வோம். அப்பதிவை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுவோம். எழுத்தில் பெயர்க்கும்போது அவர் சொல்லைத் திருத்தாதிருப்போம். மூலப் பதிவை இரண்டு இடங்களிலாவது காத்து வைப்போம். இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது நம் கவிதைகளோடு பத்து மனிதர்களின் குரலும் நம்மிடம் இருக்கும்.

அந்த மதுரை மூதாட்டியின் குரலை இனி என்னால் உங்களுக்குத் தர இயலாது. அவர் சொன்ன இரண்டு சொற்களையாவது, அவர் சொன்னபடியே, இந்த மலரில் பதிவு செய்கிறேன்.