அடிக்கல்லுக்கு முன்னே ஆய்வு வேண்டும்!

(ஹற்றன் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நாம் இங்கு கூடவில்லை. 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிய நாள்முதல் மலையக ஆறுகள் இந்நாட்டுக்கு ஒளி தந்து வருகின்றன. அவ்வொளி கொழும்பை அடைந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும், நமது லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரத்தின் அருமையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது ஒன்றே: ஆற்றையும் காட்டையும் தொடுமுன், விளையும் கேட்டைக் கணக்கிட்டு மக்கள் முன் வையுங்கள்!

இது நாம் கேட்கும் சலுகையன்று. சட்டம் தந்த உரிமை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அதன்கீழ் 1993இல் வெளிவந்த வர்த்தமானிப்படி, 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம் சுற்றாடல் ஆய்வின்றி எழ முடியாது. பாதுகாக்கப்பட்ட வனத்தினுள்ளோ அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ அமைவதாயின், சிறு நிலையமும் தப்பாது. இது நியாயமே. அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வறண்டால், மீனுக்கு வழியில்லை, தவளைக்கு ஈரமில்லை. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிவனொளிபாத மலைக் காடு நம் அருகிலேயே இருக்கிறது.

தலவாக்கலையைப் பாருங்கள். மேல் கொத்மலைத் திட்டத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டில் அம்மறுப்பு மாற்றப்பட்டது. சுற்றாடல் இயக்கத்தினர் நீதிமன்றம் சென்றனர். 2012இல் 150 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. ஆற்றுநீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினுட் புகுந்தது. ஆயினும் சென் கிளயர் அருவிக்குப் பகலில் நீர் விடவேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. எதிர்ப்புக் குரல் எழாதிருந்தால் அதுவும் கிடைத்திராது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: பகலில் நீர், பார்க்க வருவோர் கண்ணுக்கு, இரவில் அவ்வோடை வாழ் உயிர்களுக்கு என்ன விடை? காட்சியைக் கணக்கிட்டவர்கள் உயிரையும் கணக்கிட வேண்டாமா?

அண்டை ஊவாவில் உமா ஓயாத் திட்டத்துக்கு 2008 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினர். சுற்றாடல் அனுமதியோ பின்னரே வந்தது. 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மலையின் வயிற்றைத் துளைத்தால் காடு மட்டுமா வாடும்? கரட்டும் கோவாவும் பயிரிடும் தோட்டமும் வாடுமன்றோ!

மதிப்பீட்டு அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அந்த அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டுமென்பது சட்டம். ஆசிரியர்களே, பொறியியலாளர்களே, வழக்கறிஞர்களே! ஊர்தோறும் குழு அமைத்து அவ்வறிக்கையைப் படித்துத் தொழிலாளருக்கு விளக்குங்கள். விவசாயப் பெருமக்களே! உங்கள் ஊற்றில் எம்மாதம் எவ்வளவு நீர் வருகிறதென்று இன்றே குறித்து வையுங்கள். ஊற்று வற்றிய பின் உங்கள் கண்ணீரைவிட அக்குறிப்பே வலிய சாட்சியாகும்.

31ஆம் நாள் எழும் குரலைச் சட்டம் கேட்காது. 30 நாட்களுக்குள் எழுவோம்!